கரையான்சாவடி ரூமில் கேட்டது, குமணன்சாவடி ஹாலில் சொன்னது

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஆனி மாசம். கரையான்சாவடி மெயின் ரோட்ல, ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில இருந்த சின்ன ரூம்லதான் இது ஆரம்பிச்சுது. முடிஞ்சுதான்னு கேட்டீங்கன்னா, இன்னும் இல்ல.

பேரெல்லாம் வேணாம். என்னைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், நான் வாய்க்காரன். நெமிலிச்சேரியில எங்களுக்கு மூணு தலைமுறையா ஊடு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில முப்பத்தி நாலு வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். யூனியன்ல பேச்சு வார்த்தையா, தெருவுல தண்ணி லாரி தகராறா, யாராவது நாலு வார்த்தை பேசணும்னா "அண்ணாத்தே, நீ வந்து நில்லு"ன்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க. நானும் சட்டையை மாட்டிக்கினு கிளம்பிடுவேன். பேசியே பல காரியத்தை முடிச்சிருக்கேன், பொய் சொல்லல. அந்தத் திமிருதான் என்னைக் கெடுத்துது. தவளை தன் வாயால கெடும்பாங்க. தவளை கெட்டா தவளையோட போச்சு. நான் கெட்டது என் பொண்ணு தலையில விடிஞ்சுது.

எனக்கு ஒரே பொண்ணு. அப்போ அவளுக்கு இருபத்தெட்டு வயசு, ஐ.டி. கம்பெனியில வேலை. கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்துல ஒரு பையைத் தூக்கிக்கினு எங்க ஊட்டுக்கே திரும்பி வந்துட்டா. அடிச்சானான்னு கேட்டோம், இல்லன்னா. குடிப்பானான்னு கேட்டோம், இல்லன்னா. பின்ன இன்னாதான்னு கேட்டா வாயையே திறக்க மாட்டா. மூணு மாசம் அப்படியே போச்சு. ஆபீஸ் போவா, வருவா, கதவைச் சாத்திப்பா. நான் வெளிய நின்னுக்கினு கதவுகிட்ட லெக்சர் அடிப்பேன். புத்திமதி, கோவம், கெஞ்சல், எல்லாத்தையும் கலந்து அடிப்பேன். உள்ள இருந்து ஃபேன் ஓடுற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அப்புறம் அவளே ஆபீஸ் சிநேகிதி யாரோ சொல்லி அந்தக் கரையான்சாவடி ரூமுக்குப் போக ஆரம்பிச்சிருக்கா. குடும்பப் பிரச்னைக்கு ஆலோசனை சொல்ற ஒரு அம்மா. ரெண்டு தடவை இவ மட்டும் தனியா போய் வந்தா. மூணாவது தடவை, "அப்பா, அம்மா, நீங்களும் வரணும்னு சொல்றாங்க. எனக்கும் நீங்க வந்தா நல்லாருக்கும்"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். ஏன்னா கவுன்சிலிங்னா நான் நினைச்சது வேற. பெரிய மனுஷி ஒருத்தங்க பொண்ணுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, புருஷன் ஊட்டுக்குத் திருப்பி அனுப்பி வைப்பாங்கன்னு நினைச்சேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கினு, நிச்சயதார்த்தத்துக்குப் போற மாதிரி போனேன்.

அந்த ரூம்ல டேபிளே இல்ல. நாலு நாற்காலி, ஒரு கடிகாரம், அவ்ளோதான். அந்தம்மாவுக்கு ஒரு நாற்பத்தஞ்சு வயசு இருக்கும், காட்டன் புடவை, மெதுவான குரல். எடுத்த எடுப்புல ஒண்ணு சொன்னாங்க.

"இங்க பேசறது இங்கயே இருக்கட்டும். வெளிய பேசணும்னா, அதைச் சொன்னவங்ககிட்ட கேட்டுட்டுப் பேசுங்க. சரிங்களா?"

நான்தான் முதல்ல தலையாட்டினேன். பலமாவே ஆட்டினேன்.

அப்புறம் பொண்ணைப் பேசச் சொன்னாங்க. மூணு மாசமா எங்ககிட்ட திறக்காத வாயை அவ அங்க திறந்தா. அந்தப் பையன் கோவம் வந்தா பேச மாட்டானாம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக் கணக்கா. இவ ஒருத்தி அந்த ஊட்ல இருக்கான்னே காட்டிக்க மாட்டானாம். அவங்க ஊட்ல மத்தவங்களும் அதே மாதிரி. சோறு போட்டுக்கொடுத்தா சாப்பிட்டுட்டுப் போவாங்களாம், இவ முகத்தைப் பார்க்க மாட்டாங்களாம். "நான் உயிரோடதான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடும்"ன்னா. அழுதா யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தினமும் பாத்ரூம்ல போய், பக்கெட்டுல குழாயைத் திறந்து விட்டுட்டு, அந்தச் சத்தத்துல அழுவாளாம். முகத்தைக் கழுவிட்டு வெளிய வந்து காய் நறுக்குவாளாம்.

என் பொண்டாட்டி முந்தானையை வாயில வச்சுக்கினா. ஆனா பொண்ணு அதோட விடல.

"ஒரு நாள் மத்தியானம் தாங்க முடியாம மொட்டை மாடிக்குப் போய் அப்பாவுக்கு போன் பண்ணேன். 'எல்லா ஊட்லயும் இருக்கறதுதான், கொஞ்சம் பொறுத்துக்கோ பாப்பா, சாயங்காலம் பேசறேன்'னு சொல்லி வச்சிட்டாரு. சாயங்காலம் அவர் பேசல. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் சொல்லல."

சத்தியமா சொல்றேன், எனக்கு அப்படி ஒரு போன் வந்ததே ஞாபகம் இல்ல. ரிட்டயர் ஆக ஆறு மாசம் இருந்த நேரமா இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில வந்திருக்கும். வச்சிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "எப்போ? எந்த மாசம்? நான் அப்படிச் சொல்ற ஆளா?"ன்னு ஆரம்பிச்சேன்.

அந்தம்மா கையை லேசா தூக்கினாங்க. "சார், எப்போங்கறது இருக்கட்டும். உங்க பொண்ணு இப்ப என்ன சொன்னாங்கன்னு ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. உங்க பதிலைச் சொல்ல வேணாம். அவங்க சொன்னதை மட்டும்."

இது ஒரு பெரிய விஷயமான்னு ஆரம்பிச்சேன். முடியல. ரெண்டு வாக்கியம் சொல்றதுக்குள்ள "ஆனா நான் அப்போ ஷிஃப்ட்ல..."ன்னு என் கதைக்கு வந்துட்டேன். மறுபடி சொல்லச் சொன்னாங்க. மறுபடி அதே. அப்பதான் எனக்கே உறைச்சுது, அவ பேசும்போது நான் கேட்கவே இல்ல, அவளுக்கு இன்னா பதில் சொல்லலாம்னு யோசிச்சுக்கினே இருந்திருக்கேன். மூணாவது தடவைதான் ஒழுங்கா சொன்னேன். "நீ போன் பண்ணே. நான் பொறுத்துக்கோன்னு சொல்லி வச்சிட்டேன். சாயங்காலம் பேசறேன்னேன், பேசல." சொல்லி முடிச்சதும் பொண்ணு என்னை நிமிர்ந்து பார்த்தா. கல்யாணத்துக்கப்புறம் அவ என்னை அப்படிப் பார்த்ததே இல்ல.

பஸ்ல திரும்பும்போது என் பக்கத்துல உட்கார்ந்து வந்தா. அதுக்கப்புறம் ஊட்ல கதவு சாத்தறது குறைஞ்சுது. தோசை ஊத்தும்போது வந்து நின்னு அம்மாகூட பேசுவா. நானும் அந்த ரூமுக்கு இன்னும் ரெண்டு தடவை போய் வந்தேன். எல்லாம் சரியாயிட்டு வருதுன்னுதான் நினைச்சேன்.

அப்புறம் வந்துது குமணன்சாவடி பஞ்சாயத்து. அங்க என் பெரியப்பா மவன், எனக்கு அண்ணன் முறை, அவர் ஊடு இருக்கு. ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம்னு அவர்தான் ஏற்பாடு பண்ணாரு. என் பொண்ணு பிரிஞ்சுடறதுன்னு அதுக்குள்ள முடிவுக்கு வந்துட்டா. அவளுக்கு வேண்டியது ரெண்டுதான். சண்டை இல்லாம பிரியணும், அந்த ஊட்ல மாட்டிக்கினு இருந்த அவ காலேஜ் சர்டிபிகேட் எல்லாம் கைக்கு வரணும். அங்க இன்னா பேசணும்னு அந்தம்மாகூட உட்கார்ந்து அவளே யோசிச்சு வச்சிருந்தா. மூணே மூணு வாக்கியம். கிளம்பற அன்னிக்குக் காலையில என்கிட்ட வந்து சொன்னா.

"அப்பா, அங்க நான்தான் பேசுவேன். அவங்க இன்னா சொன்னாலும் நீ பேசாத. எனக்காக. ப்ளீஸ்ப்பா."

"நீ பேசு பாப்பா. நான் வாயே திறக்க மாட்டேன்"னேன்.

அண்ணன் ஊட்டு ஹால்ல ஒரு பதினஞ்சு பேர். வாடகை பிளாஸ்டிக் நாற்காலி, கூல்டிரிங்ஸ். அந்தப் பையன் மூலையில உட்கார்ந்து போனைப் பார்த்துக்கினு இருந்தான். என் பொண்ணு எழுந்து, யாரையும் குறை சொல்லாம, அவ யோசிச்சு வச்சிருந்ததைச் சொன்னா. தெளிவா சொல்லிட்டு என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. பையனோட அப்பா கூட தலையாட்டினாரு. அந்த இடத்துல முடிஞ்சிருக்கணும்.

பையனோட சித்தப்பா ஒருத்தர். கால் மேல கால் போட்டுக்கினு உட்கார்ந்திருந்தவரு, "அதெல்லாம் சரிம்மா, எங்க ஊட்ல உனுக்கு இன்னா கொற வச்சோம்? மூணு வேளை சோறு, ஏசி ரூமு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன் கண்ணுல தண்ணி வந்துதா? இவங்கள்ல யாராவது பார்த்தாங்களா, சொல்லச் சொல்லு"ன்னாரு.

என் பொண்ணு பதில் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் வந்திருந்தா. அவ கை என் முட்டி மேல வந்து அழுத்துச்சு. பேசாதன்னு அர்த்தம். எனக்குப் புரியாம இல்ல. ஆனா அந்த போன் என் மண்டைக்குள்ள அப்படியே உட்கார்ந்திருந்துச்சு. அன்னிக்குத்தான் பொண்ணுக்காகப் பேசல, இன்னிக்காவது பேசலன்னா நான் இன்னா அப்பன்னு தோணுச்சு. எழுந்துட்டேன்.

"கண்ணுல தண்ணியா? தினம் தினம் உங்க ஊட்டு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்கினு அழுதிருக்காய்யா என் பொண்ணு! வெளிய சத்தம் வரக் கூடாதுன்னு! கவுன்சிலிங்ல அவ வாயால சொன்னதை நான் காதால கேட்டேன்!"

ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன். நிஜமா அப்படித்தான் நினைச்சேன், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

அந்தச் சித்தப்பா கூல்டிரிங்ஸை ஒரு வாய் குடிச்சிட்டு, "அடப்பாவமே, அதான் எங்க ஊட்டு டேங்க்கு காலி ஆயிக்கினே இருந்துச்சா? நாங்க பைப்பு லீக்குன்னு பிளம்பரைக் கூப்ட்டோமே"ன்னாரு.

சிரிச்சாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, பாதி ஹால் சிரிச்சுது. என் அண்ணன் கூட சிரிச்சிட்டு, அப்புறம் வாயைப் பொத்திக்கினாரு. அந்தப் பையன் போன்ல இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். அவங்க பக்கத்துப் பொம்பள ஒருத்தங்க, "கவுன்சிலிங் போற பொண்ணா? மனசு சரியில்லன்னு அவ அப்பாவே சொல்லிட்டாரே, அப்புறம் எங்க மேல இன்னா தப்பு?"ன்னு ஆரம்பிச்சாங்க. அதுக்கு மேல பேச்சு எங்கெங்கயோ போச்சு. சர்டிபிகேட் பேச்சே எடுபடல.

என் பொண்ணு சண்டை போடல, அழல. பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கினு வெளிய போயிட்டா. நான் பின்னாடியே ஓடினேன். மத்தியான வெயில். பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு இருந்தா. "பாப்பா, உனக்காகத்தான்..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ஒன்றரை வருஷம் அவங்க முன்னாடி ஒரு தடவை கூட நான் அழலப்பா. அது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதையும் நீ எடுத்து அவங்க கையில குடுத்துட்ட."

இதைக் கத்திச் சொல்லல. பஸ் நம்பரைப் பார்த்துக்கினே சொன்னா. பஸ் வந்துது, ஏறிட்டா. நான் ஏறல. ஏற எனக்குத் துணிச்சல் வரல.

ரெண்டு நாள்ல அம்பத்தூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்துக்கினு போயிட்டா. பொண்டாட்டி என்னை ஒரு வார்த்தை திட்டல. "நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாதும்பாங்க. நீங்க கொட்டினது உங்க சொல் கூட இல்ல, அவளுது"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா. திட்டியிருந்தா தேவலை.

நான் பொண்ணுக்கு போன் பண்ணுவேன், எடுக்க மாட்டா. மெசேஜ் அனுப்புவேன், பார்த்ததுக்கு அடையாளம் வரும், பதில் வராது. கடைசியில கரையான்சாவடி மாடிப்படி ஏறினேன். அந்தம்மா பொண்ணுகிட்ட எனக்காக ரெண்டு வார்த்தை பேசணும்னு கேட்கத்தான் போனேன்.

"அவங்க இங்க இன்னும் வராங்களா, வரலையா, என்ன பேசறாங்க, எதையும் நான் உங்களுக்குச் சொல்ல முடியாது சார்"ன்னாங்க.

"நான் அவ அப்பாங்கம்மா."

"தெரியும் சார். அப்பவும் முடியாது."

எனக்குக் கோவம் வந்துச்சு, அப்புறம் அவமானம் வந்துச்சு. வாசல்ல நின்னு செருப்பை மாட்டும்போது அந்தம்மா, "உங்களுக்காக வரதுன்னா வாங்க. பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டு வரதுக்கு இல்ல. உங்களுக்காக"ன்னாங்க. எனக்கு இன்னா வியாதின்னு மனசுக்குள்ள முணுமுணுத்துக்கினே படி இறங்கினேன். ஆனா அடுத்த வாரம் போனேன்.

பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை போவேன். அந்தம்மா எனக்கு புத்திமதியே சொன்னதில்ல. கேள்விதான். அன்னிக்கு அந்த ஹால்ல நடந்ததைச் சொல்லுங்கம்பாங்க. நான் சொல்லுவேன். சித்தப்பா இன்னா சொன்னாரு, எனக்கு எப்படி ரத்தம் கொதிச்சுது, நான் ஏன் பேசினேன், எல்லாம் சொல்லுவேன். "இது உங்களுக்கு நடந்தது சார். அவங்களுக்கு என்ன நடந்துச்சு?"ன்னு கேட்பாங்க. எனக்கு விளங்காது. நாலு தடவை போனப்புறம் ஒரு நாள் சொல்ல வந்துது. "அவ யாருக்கும் தெரியாம அழுதா. அவ நம்பி என் முன்னாடி சொன்னா. அதை நான் பதினஞ்சு பேர் முன்னாடி சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. அவ பார்த்துக்கினு உட்கார்ந்திருந்தா." அறுபது வயசு ஆளு, அந்த நாற்காலியில உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு அழுகையை மறைக்க ஒரு குழாய் கூட அங்க இல்ல.

மன்னிப்பு கேட்கலாமான்னு கேட்டேன். "கேட்கறது உங்க வேலை. மன்னிக்கறதும் மன்னிக்காததும் அவங்க வேலை. கேட்டுட்டு பதிலுக்காக நிக்காதீங்க"ன்னாங்க.

எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் பொண்ணோட ஹாஸ்டல் ரூம்ல கூட இருக்கறவ, அவ போன்ல நம்பரைப் பார்த்து என் பொண்டாட்டிக்கு போன் பண்ணா. பொண்ணுக்கு டெங்கு காய்ச்சல், பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்து மூணு நாள் ஆச்சாம். சேர்த்து மூணு நாள் ஆச்சு, பெத்தவங்க எங்களுக்குத் தெரியாது. ஆட்டோ புடிச்சு ஓடினோம். வார்டு வாசல்ல நர்ஸம்மா நிறுத்தி, "நீங்க யாரு?"ன்னாங்க. அப்பான்னேன். கையில இருந்த அட்டையைப் புரட்டினாங்க. எதுனா ஒண்ணுன்னா யாருக்குச் சொல்லணும்ங்கற இடத்துல அந்த ரூம் சிநேகிதி பேரும் நம்பரும் இருந்துச்சு. என் பேரும் இல்ல, அவ அம்மா பேரும் இல்ல. அம்மா பேரை எழுதினா எனக்குத் தெரிஞ்சுடுமே, அதனாலதான்னு எனக்கு அப்பவே விளங்கிடுச்சு. என்னால பாவம் என் பொண்டாட்டிக்கும் பொண்ணு இல்லாம போயிட்டா.

பொண்ணு இளைச்சுப் போய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. அம்மா இட்லி வாங்கக் கீழ போன நேரத்துல நானும் அவளும் மட்டும் இருந்தோம். அந்த எட்டு மாசமா வாய்க்குள்ள வச்சிருந்ததைச் சொன்னேன். "நீ நம்பி சொன்னதை நான் நாலு பேர் முன்னாடி போட்டு உடைச்சேன். பேச மாட்டேன்னு சொல்லிட்டுப் பேசினேன். தப்பு என்னுது பாப்பா. மன்னிச்சிடு." 'உனக்காகத்தான்'னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது, முழுங்கினேன்.

அவ திரும்பல. சுவரைப் பார்த்துக்கினே, "ஃபேனைக் கொஞ்சம் குறைப்பா, குளிருது"ன்னா. எழுந்து குறைச்சேன். வேற ஒண்ணும் அவ சொல்லல, நானும் கேட்கல.

டிஸ்சார்ஜ் ஆனதும் எங்க ஊட்டுக்கு வரல, ஹாஸ்டலுக்குத்தான் போனா. கோர்ட்டுல விவாகரத்து வந்துடுச்சு, சர்டிபிகேட்டும் கூரியர்ல வந்து சேர்ந்துச்சு. எல்லாத்தையும் அவளே பார்த்துக்கினா. இப்பல்லாம் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வரா. அம்மாவும் பொண்ணும் சமையல் ரூம்ல மெதுவா என்னமோ பேசிப்பாங்க. முதல் தடவை நான் தண்ணி குடிக்க உள்ள போனேன். டக்குன்னு பேச்சு நின்னு போச்சு. அவ கத்திரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பிச்சிட்டா. அவ முகத்துல இருந்தது கோவம் கூட இல்ல, பயம். இவர் காதுல எவ்ளோ விழுந்துச்சோங்கற பயம். நான் தண்ணி குடிக்காமயே திரும்பிட்டேன்.

அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமையில நான் சமையல் ரூம் பக்கம் போறதா இருந்தா, ஹால்ல இருந்தே ரெண்டு தடவை பலமா இருமிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவ பேச்சை நிறுத்திக்க ஒரு நிமிஷம் கிடைக்கட்டும். ஊரெல்லாம் கூப்பிட்டுப் பேச வச்ச இந்த வாய்க்கு, பெத்த பொண்ணுக்காக இன்னிக்குச் செய்ய முடிஞ்சது அந்த இருமல் ஒண்ணுதான்.